மன்னிப்புக் காட்சி

பழைய தொடருக்கும் இந்த ரீமேக்குக்கும் என்ன வித்தியாசம் என்று நிருபர் கேட்டதும், மேடையில் இருந்த எல்லோரும் ஃபுமியேயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டிலும் நடித்தவள் அவள் ஒருத்திதான். இருபது வருடங்களுக்கு முன், வீட்டுக்குத் தீ வைத்து மாமியாரைக் கொன்றதாகக் கூண்டில் நின்ற மருமகள். இப்போது அதே மருமகளின் தாய்.

டோக்கியோவில் தொடரின் அறிமுகக் கூட்டம் அது. இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று தயாரிப்பாளர் குசகாபே நினைத்திருந்தார்.

முதலில் புகழத்தான் செய்தாள். பழைய தொடரில் வக்கீல் மேஜையைக் குத்திக் குத்திப் பேசுவார், எந்தக் கோர்ட்டிலும் அப்படி நடக்காது என்றாள். இந்த வக்கீல் பேசும்போது நீதிபதியே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விசாரணைக் காட்சியில் போலீஸ்காரர் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். நிஜத்தில் அப்படித்தான் நடக்கும் என்றாள்.

குசகாபே முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார்.

"குறைன்னு ஒண்ணு இருக்குங்க. கடைசியில அந்த மருமக அழுது மன்னிப்புக் கேக்குறா. அது பொய்."

முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

குசகாபே அவசரமாக மைக்கை எடுத்தார். ஃபுமியே அவர்கள் பழைய வேஷத்தை இன்னும் கலைக்கவில்லை போலிருக்கிறது என்று கேலி செய்தார். பார்க்கிறவர்களின் மனம் இளக ஓர் இடம் வேண்டாமா, அழாதவளை யார் நம்புவார்கள் என்றார்.

"நீதிபதியும் இதையேதான் சொன்னாரு."

பழைய தொடரின் வசனம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும், இனி இந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் உங்களுக்கு வேலை இருக்காது என்று குசகாபே குனிந்து வணங்கி மரியாதையாகவே சொன்னார். அவளும் குனிந்து வணங்கினாள். கடைசிப் பகுதியில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். அது முடியாது என்றார். அப்படியானால் கேட்கிற இடத்திலெல்லாம் இதையே சொல்வேன் என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை வடக்கே போகும் ரயிலில் ஏறினாள்.

சிறையின் பார்வையாளர் அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நோபுயோ வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் பெண் காவலர் ஒருவர்.

கதை மாந்தர் அனைவரும் கற்பனை என்று இரண்டு தொடரிலும் போடுகிறார்கள். ஆனால் பழைய தொடர் முடிந்த வருடம், தான் யாராக நடித்தோமோ அந்த நிஜ மருமகள் நோபுயோவைப் பார்க்க ஃபுமியே முதல் தடவை இந்தச் சிறைக்கு வந்தாள். அதற்குப் பிறகு வருவதை நிறுத்தவில்லை.

செய்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் வெளியே விடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று நோபுயோவிடம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். வைக்காத தீக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

புதுத் தொடர் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். கோர்ட்டை நன்றாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் கடைசியில் உன்னை அழ வைத்து மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார்கள் என்றாள் ஃபுமியே.

நோபுயோ கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"யாரு, நானா?"

காவலர் நிமிர்ந்து பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தாள்.