துரைசானிக்கு எண்ணெய்க் குளியல்

பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா என் பூனைக்கு ஏதோ பொடி பூசுகிறாள் என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

பூனை ஒரு மாதத்துக்கு மேலாகத் தன்னைத்தானே கடித்துக்கொண்டிருந்தது. நாள் பூராவும் நக்கல். வயிற்றில் மயிரே இல்லை. வாலடியில் புண்ணாகி ரத்தம் கசிந்தது. சோறு வைத்தால் இரண்டு வாய் தின்னும், மறுபடி நக்கப் போய்விடும். இப்படியே போனால் மழைக்காலம் தாண்டாது என்று தோன்றியது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பூனையும் போய்விட்டால் நானும் சொர்ணாம்பாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆரம்பத்தில் வாலடியில் ஒரே ஒரு இடத்தைத்தான் கடித்தது. எனக்கு ஏழரைச் சனி நடக்கிற சமயம். என்னைப் பிடித்தது பூனையையும் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சனிக்கிழமை பேரளம் ரயிலில் திருநள்ளாறு போய் எண்ணெய் தேய்த்து முழுகுவது என் வழக்கம். பூனையோடு ரயிலில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் குளத்துத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, கொல்லையில் வைத்து நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன்.

"பூனைக்கு ஜாதகம் கணிச்சாச்சா?" என்று கேட்டாள் சொர்ணாம்பாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன். எனக்கு என்ன தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

ஆண்பிள்ளை ஆயிற்றே என்று முதலில் புதன், சனி இரண்டு நாளும் தேய்த்தேன். அப்போது அதன் பேர் துரை. மூன்றாவது வாரம் எங்கள் ஆபீஸ் சேவகன் கருப்பையன் வீட்டுக்கு வந்தவன், தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பெட்டைங்க" என்றான்.

பெண்பிள்ளைக்குப் புதனிலும் சனியிலும் எண்ணெய் தேய்த்தால் விளங்குமா? தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. துரை, துரைசானி ஆனது. குளியலைச் செவ்வாய், வெள்ளிக்கு மாற்றினேன். செய்த தப்புக்குப் பரிகாரமாக எண்ணெயை இரண்டு கரண்டி ஆக்கினேன்.

நக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் பூனை குளித்த ஈரத்தோடு கொல்லைச் சுவரைத் தாண்டி அஜீசுன்னிசா வீட்டுக்குள் போனதைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது உடம்பெல்லாம் வெளிறிய மஞ்சளாய் ஒரு தூள். முகர்ந்து பார்த்தேன். பஜ்ஜி வாசனை அடித்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"மருந்து வைக்கிறா" என்றேன்.

"அவ எதுக்கு வைக்கணும்? புருஷன் சைகோன்ல கடை வச்சிருக்காரு. தனியா கெடக்குற பொம்பளை."

"அதான் சொல்றேன். சைகோன்லேருந்து வந்த பொடியா இருக்கும்."

சொர்ணாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நான் மேரியில், அதாவது நகரசபை ஆபீசில், குமாஸ்தா. பிரெஞ்சில் மனு எழுதக் காரைக்காலில் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அஜீசுன்னிசா மேல் புகாராகப் போலீஸ் கொமிசேருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, அம்பலவாணன் என்று கையெழுத்தும் போட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அந்தப் பொம்பளை மேல் பயம் வந்துவிட்டது.

கையும் களவுமாகப் பிடித்தால் இன்னும் ஒரு பத்தி சேர்க்கலாமே என்று ஆசை. செவ்வாய்க்கிழமை காலையில் பூனையைக் குளிப்பாட்டி விட்டுவிட்டு, மனுவும் கையுமாகப் பின்னாலேயே போனேன்.

அஜீசுன்னிசா கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் துரைசானி. என்னிடம் நாலு கீறல் கீறாமல் குளிக்காத பூனை, அங்கே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அவள் அதன் முதுகில் மாவைத் தூவி, பழந்துணியால் துடைத்து, பேன் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா பொடி இது?"

"கடலை மாவுண்ணே. எண்ணெய்ப் பிசுக்குப் போவணும்ல. அது போற வரைக்கும் நக்கிக்கிட்டேதான் இருக்கும். நக்க நக்கப் புண்ணு. புண்ணுல சீயக்காய் பட்டா எரியும். எரிஞ்சாக் கடிக்கும்."

"எண்ணெய் வைக்கிறதுக்கு முன்னாடியே கடிச்சுதே?"

"அது தெள்ளுப்பூச்சிண்ணே." சீப்பைப் பக்கத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டினாள். இரண்டு கறுப்புப் புள்ளி மிதந்தது. "நெறைய எடுத்தாச்சு. அது படுக்குற சாக்கை வெந்நீர்ல அலசிப் போட்டு, இன்னும் பத்து நாள் வாரிவிட்டா சரியாப் போயிரும். மயிரும் மொளைச்சுரும்."

பூனையைச் சனி பிடித்திருந்தது உண்மைதான். வாரத்துக்கு இரண்டு நாள், எண்ணெய்க் கரண்டியோடு பிடித்திருந்தது.

"கையில என்னண்ணே காயிதம்?"

"இதுவா... பூனைக்கு மருந்துச்சீட்டு."

"மருந்தெல்லாம் எதுக்குண்ணே? கிழிச்சுப் போடுங்க."

கிழித்தேன். ஒரு துண்டை வாங்கி, தரையில் சிந்தியிருந்த மாவை அவள் அள்ளிப் போட்டாள். நான் எழுதிய மனுக்களில் ஒருவருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு, எண்ணெய் வைக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"திருநள்ளாத்துத் தண்ணியெல்லாம் கொண்டாந்து ஊத்துறீங்க. சாமிக்கு நேர்ந்துக்கிட்டுச் செய்யிறீங்கன்னு நெனச்சேன். உங்க வேண்டுதல்ல நான் குறுக்க பேசலாமாண்ணே? அதான், நீங்க தேய்க்கிறதைத் தேய்ங்க, நான் தொடைக்கிறதைத் தொடைச்சுக்குறேன்னு இருந்துட்டேன்."