தூரத்துக் கோப்பை

கிள்ளான் பேரங்காடியின் விர்ச்சுவல் ரியாலிட்டி சாவடியில், கனத்த தலைக்கவசத்தோடு நிற்கிறார் ஒருகாலத்தில் லோரி ஓட்டிய வீராச்சாமி. கவசத்துக்குள் தெரியும், கோப்பைகள் வைத்த மேசை வெளியே திரையிலும் ஒளிர்கிறது. "லெஃப்ட் கையில கிளவ் போடுங்க அங்கிள். தூரத்துல இருக்கிற கப்ப நோக்கி நீட்டுனா தானா வரும்," என்கிறாள் சாவடிப் பெண். "இடது கையால யாராச்சும் வாங்குவாங்களா லா?" வலது கையில் உறை ஏறுகிறது. பக்கவாதத்தில் மரத்த கை அசையவில்லை. மனைவி புஷ்பவல்லி ஓசையின்றி அவர் முழங்கையைத் தாங்கி உயர்த்துகிறாள். திரையில் ஒளிக்கோடு நீள, கோப்பை மிதந்து வருகிறது. "வல்லி, கை வந்துருச்சு!" அவள் பிடித்திருப்பது அவருக்கு உறைக்கவேயில்லை. "ஆமாங்க," என்கிறாள். "இரு வல்லி, இன்னொண்ணு எடுக்கிறேன்." அவர் கையின் கனத்தில் அவள் தோள் நடுங்கத் தொடங்குகிறது.