என் கையில் ஆறு சீட்டுகள்

ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார்.

கதை வாசிக்கும் இந்த ஒரு பீரியடாவது தப்புமா, இதையும் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்ப்பார்களா என்பது அவர் இன்று எழுதப்போவதில் இருந்தது.

நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பேர், வீட்டில் ஏழெட்டு மொழிகள். வாரம் ஒரு கதை. வாசித்ததும் மனதில் பட்டதைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுந்து படிப்பார்.

இன்று பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்துப் போய்விட்டால்? அந்தப் பயத்தில், இடது கையால் நானே எழுதி வைத்திருந்த சீட்டுகளையும் டப்பாவுக்குள் தள்ளினேன். வெட்கக்கேடுதான். தள்ளிவிட்டேன்.

வகுப்புத் தலைவி டப்பாவை வாங்கினாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து விநியோகித்தாள்.

இன்றைக்கு, மகனை விடுதியில் விட்டுவிட்டுப் போகும் அம்மாவின் கதை. அந்த அம்மா சுத்தப் பொய்க்காரி என்றது முதல் சீட்டு. அவளைத் திட்டுகிறவர்கள் ஒரு நாள் அவள் வேலையைச் செய்து பார்க்கட்டும் என்றது அடுத்தது. கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் கதை தேறும் என்றது மூன்றாவது. வகுப்பு இரண்டு கட்சியாகி மோதியது.

என் சீட்டு எப்போது வந்து தொலைக்குமோ என்று ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டேன். வரவேயில்லை.

மணி அடித்தது. அதிகாரி போகிற போக்கில், இந்த பீரியட் இருக்கட்டும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

அவர் தலை மறைந்ததும் வக்கீல் வந்து, மடித்த சீட்டுகளை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதெல்லாம் நீங்க எழுதினது மிஸ். ஒரே புகழ்ச்சி. மாட்டிக்குவீங்களேன்னு எடுத்து வச்சுட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சிரித்துச் சமாளித்தேன். அவள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன்.

நான் போட்டது ஐந்து. கையில் ஆறு இருந்தன.

ஆறாவது, என் இடது கை எழுத்தைவிடக் கோணலாக இருந்தது. 'ரொம்ப நல்ல கதை. நான் முழுசாப் படிச்ச முதல் கதை இதுதான்.'

வகுப்பு காலியாகிக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் மேசைக்கு வந்து, காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.