வெற்று வரிகளை நீக்க ஓர் உதாரணம்

எழுதிய நிரலை ஓட்டிப் பார்ப்பவன் தன் மூளையையே சந்தேகிக்கிறவன் என்பது என் தத்துவம். அப்படித்தான் ஓர் எடிட்டர் மென்பொருளின் உதவிப் பக்கத்துக்கு, வெற்று வரிகளை நீக்கும் உதாரண நிரல் ஒன்றைப் போன மாதம் எழுதிக் கொடுத்தேன். சோதிக்கச் சொன்ன நண்பனைக் கேலியும் செய்தேன். இப்போது மதிய வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்க, அக்கா அதே உதாரணத்தைத் தன் ஆய்வேட்டில் ஓட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இடம் விட்டுத் தொடங்கும் வரிகளையும் அது வெற்று வரி என்று அழித்து, கையோடு சேமித்து, கோப்பை மூடியும் விட்டது. அறுபது பக்கத்திலும் பத்திகள் தலையில்லாமல் நிற்கின்றன. நாளை ஒப்படைக்க வேண்டும். முன்பு அச்சிட்டிருந்த பிரதியைப் பார்த்து, அழிந்துபோன வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள்.

“எந்த மகராசன் எழுதினானோ! ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?”

“விடுக்கா, ஏதோ அவசரத்துல எழுதியிருப்பான்.”

“நீ ஏன்டா அவனுக்கு வக்காலத்து வாங்குற?”

என் மடிக்கணினியை அவள் கண்ணில் படாதபடி திருப்புகிறேன். உதாரணத்தைத் திருத்தி, ஓட்டிப் பார்க்கிறேன். சரியாக வருகிறது. நம்பிக்கை வராமல் மறுபடி ஓட்டுகிறேன். அக்கா இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.