பின்சீட்டில் ஓடிய படம்

“மெல்லப் பேசுங்கோ. பின்னாடி பூர்ணா இருக்கா” என்றாள் பத்மஜா.

“ஹெட்போன் மாட்டிண்டு கார்ட்டூன் பாத்துண்டிருக்கா. இடி விழுந்தாலும் கேக்காது” என்றான் மஹேஷ், ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே.

கிழக்கேகோட்டையில் பஸ்கள் வழியை அடைத்து நின்றன. ஒன்பது வயது மகளை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்குள் வக்கீல் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். விவாகரத்து மனு தயாராக இருந்தது. பூர்ணா யாரிடம் இருப்பாள் என்ற ஒரு வரி மட்டும் பாக்கி.

“பூர்ணா எங்கிட்டதான் இருப்பா. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்” என்றாள் பத்மஜா.

“பெங்களூருக்குக் குடிபோனப்புறம் நீ ஆபீஸ் போயிட்டா அவளை யார் பாத்துப்பா?”

“இங்க மட்டும் நீங்க எத்தனை மணிக்கு ஆத்துக்கு வரேள்?”

ஸ்ரீவராகத்தில் இருந்த அவர்கள் வீட்டில் இருவரும் பேசி ஆறு மாதமாகிவிட்டது. மஹேஷ் சாப்பிட வருகிறானா என்பதைக்கூடப் பூர்ணாதான் போய்க் கேட்டு வந்து சொல்வாள். மூன்று மாதத்துக்கு முன் முன்சீட்டின் முதுகில் பூர்ணா படம் பார்க்க ஒரு திரையை மாட்டி, ஹெட்போனும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் இருவருக்கும் பேச ஓர் இடம் கிடைத்தது. நடுநடுவே பின்னாலிருந்து பூர்ணாவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். அது கேட்கும் வரை பத்மஜாவுக்கு நிம்மதி.

“அம்மா, படம் நின்னுபோச்சு.”

இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பத்மஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தாள். வக்கீல் முன்னால் உட்காருவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இனி அது எப்படி? அவள் பார்வையைப் புரிந்துகொண்ட மஹேஷ், பழவங்காடியில் அந்தத் திரையை மாட்டிக்கொடுத்த கடைக்கே காரைத் திருப்பினான்.

கடைக்காரன் விபின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

“வயர் லூஸாயிடுச்சு சாரே. வேற ஒண்ணும் இல்ல.”

இரண்டே நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது. பத்மஜா அவசரமாக முன்கதவைத் திறந்தாள். விபினோ பூர்ணாவிடமிருந்து ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கினான்.

“சேச்சி, இதுல சவுண்டே இல்லியே.”

“வயர் லூஸ்னு சொன்னீங்களே, அதனாலயா இருக்கும்.”

“இதுக்கு வயர் கிடையாது சேச்சி. முன்னாடி நீங்க ரேடியோ கேட்டாலும், பின்னாடி படத்தோட சவுண்டு தனியா இந்த ஹெட்போனுக்கு மட்டும் வரும். அதுக்கு ரெண்டும் ஒரே சானல்ல இருக்கணும். திரை ‘ஏ’ல இருக்கு, ஹெட்போன் ‘பி’ல இருக்கு.”

“இப்பதான் மாறியிருக்குமோ?” என்றான் மஹேஷ்.

“இல்ல சாரே. ரெண்டுலயும் சானல் மாத்துற சுவிட்சு மேல ஒட்டின கம்பெனி ஸ்டிக்கரை இன்னும் யாரும் பிரிக்கவே இல்ல. எங்க தப்புதான், மாட்டின அன்னிக்கே பாத்திருக்கணும். இத்தனை நாளும் படம் மட்டும்தான் ஓடியிருக்கும்.”

பத்மஜாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. இந்த மூன்று மாதமும் முன்சீட்டில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் காதில் விழுந்தது.

“சத்தமே வராம எதைப் பாத்துடி சிரிச்சே? ஏன் எங்ககிட்ட சொல்லலை?”

பூர்ணா தலை நிமிராமல் சொன்னாள்.

“எனக்குக் கேக்கறதுன்னு தெரிஞ்சா, நீங்க ரெண்டு பேரும் கார்லயும் பேசிக்க மாட்டேளே.”