காலி டிஸ்க்

“நல்லாப் பாத்துக்கங்கம்மா. காலி,” என்று மானிட்டரைத் தங்கப்பொண்ணு பக்கம் திருப்பினான் யாசீன்.

திரையில் ஒரு சின்னக் கட்டம். கீழே இரண்டு பொத்தான்கள்.

என்ன கேட்கிறது என்றாள். ஒயரில் மாட்டியிருக்கிற டிஸ்க்கில் எதுவும் இல்லை, ஃபார்மட் பண்ணித் துடைக்கவா, எஸ்ஸா நோவா என்று கேட்கிறது என்றான்.

போன வருஷத் தேரோட்டத்தை வீடியோ எடுத்தவன் அவன்தான். பழங்காநத்தத்தில் ஸ்டுடியோ. அந்த வீடியோவில் தங்கப்பொண்ணுவின் மகன் தமிழ்மாறன் வடம் பிடித்து இழுத்திருந்தான். அவர்கள் தெருவிலிருந்து வடத்தைத் தொட்ட முதல் கை.

அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார் விழாக் கமிட்டிச் செயலாளர் முத்திருளன்.

நடந்திருந்தால் இந்த வருஷமும் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் தேர்ப் பக்கம் வரக்கூடாது. தல்லாகுளத்தில் ஆபீசர் முன்னால் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் அதுதான் பேச்சு. இரண்டு தரப்பும் சேர்ந்து போய் வீடியோவை வாங்கி வரச் சொன்னார்கள். சேர்ந்து என்றால், அவர் காரில், அவள் பஸ்ஸில்.

முத்திருளன் வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. உன் மகன் கனவில் இழுத்திருப்பான், தட்டி எழுப்பு என்றார். உங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே கனவா என்றார்.

தங்கப்பொண்ணு அவர் பக்கம் திரும்பவே இல்லை. எம்புட்டுக்கு விலை போனீக பாய் என்று யாசீனைத்தான் கேட்டாள். அவன் கீபோர்டில் இல்லாத தூசியைத் தட்டினான்.

“இதுல ஒண்ணுமே இல்லங்கிறீகள்ல. அப்ப எஸ்ஸ அமுக்குங்க, பாப்போம்.”

அதெல்லாம் எதற்கம்மா என்றான் யாசீன். மெஷின் பழசு, பொழுது போய்விடும் என்றான். மவுஸிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

முத்திருளனுக்குச் சிரிப்பு வந்தது. அழித்துவிட்டேன் அண்ணே என்று காலையில்தான் யாசீன் போனில் சொல்லியிருந்தான். அழிந்ததை இவள் கண் முன்னாலேயே இன்னொரு தடவை அழிக்கக் கசக்குமா என்ன?

எட்டி மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி நகர்ந்து எஸ் மேல் நின்றது.

யாசீன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அண்ணே, வேணாம்ணே. இந்த வைகாசிக் கல்யாணம் அம்புட்டும் இதுலதாண்ணே கெடக்கு.”



எடுத்ததை அழித்து யாசீனுக்குப் பழக்கமில்லை; தேரோட்டமும் அதே டிஸ்க்கில்தான் கிடந்தது. அவன் நம்பியது அந்தப் பழைய கம்ப்யூட்டரை. இரண்டு டெராபைட்டுக்கு மேல் போன டிஸ்க்கை அதற்குப் படிக்கத் தெரியாது. நிறைந்து கிடந்தாலும் காலி என்றுதான் சொல்லும். இது நாலு டெராபைட். ஆனால் எஸ் என்று அமுக்கினால் மட்டும் நிஜமாகவே துடைத்துவிடும்.

முத்திருளனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு நின்றது. விரலை அழுத்தப் பார்த்தார். யாசீன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். நன்றி கெட்டவனே என்றார் அவர். சோற்றில் மண்ணைப் போடாதீங்கண்ணே என்றான் இவன்.

அந்த இழுபறிக்கு நடுவே தங்கப்பொண்ணு குனிந்து டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினாள். சூடு ஆறாத டிஸ்க்கை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“டிஸ்க் வேணும்னா தல்லாகுளத்துக்கு வாங்க பாய். ஆபீசர் முன்னால போட்டுக் காமிச்சிட்டு வாங்கிக்கிருங்க.”

படி இறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

யாசீன் முத்திருளனின் கையை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினான்.