ஒரே மூச்சில்

"இன்னொரு தடவை சொல்லுங்க. என்ன போட்டிருந்துச்சு?"

மனைவி கேட்டபோது கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தார். கல்யாணத்தன்று அவள் கையைக்கூட அவ்வளவு உறுதியாகப் பிடித்ததில்லை.

"மலைக்கிராமத்தில் தொடங்கி... ஏரிக்கரையில் முடிகிறது. எளிய நடை. ஒரே மூச்சில்..."

அந்த இடத்தில் அவருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது.

"முடித்துவிடலாம்," என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். "உங்களுக்கு இது எத்தனாவது மூச்சு?"

"நக்கல் வேணாம். நம்ம செருப்புதான் சரியில்ல."

செருப்பு சரியில்லை, காற்று சரியில்லை, விடுதியில் காலையில் தந்த ரொட்டி சரியில்லை. பாதையைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. காரணம், அவருடைய சகலை.

போன விடுமுறைக்கு அவர் பிடித்த 'அமைதியான' விடுதிக்குப் பின்னால் ஒரு ரயில் நிலையம் இருந்தது. "இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா, இனி எல்லா லீவும் என் தங்கச்சி வீட்லதான்" என்று மனைவி கிளம்பும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டாள். தங்கச்சி வீட்டில் தங்கச்சியின் கணவரும் இருப்பார். புதிதாகக் கட்டிய குளியலறைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி விளக்குவார். அதற்கு இந்த மலையிலேயே உயிரை விடலாம்.

ஓர் ஆடு அவர்களைத் தாண்டி மேலே ஏறியது. போகிற போக்கில் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

"அதுவும் படிச்சிருக்கும் போல," என்றாள் மனைவி. "ஆமா, நீங்க எங்க படிச்சீங்க இதை?"

"கடையில ஷோகேஸ் துடைக்க எடுத்த பழைய வாரப் பத்திரிகை. மேல் பாதி கிழிஞ்சுபோச்சு. அதனால என்ன? நம்ம பக்கத்துல மலைக்கிராமம், ஏரின்னா இது ஒண்ணுதானே? கண்டுபிடிச்சிட்டேன்ல!"

ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கக் கண்ணாடி போட்டுவிட்டவர். அந்தப் பெருமை குரலில் தெரிந்தது.

"துடைக்கிற பேப்பர்." அவள் அவரை முந்திக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். பிறகு, "மிச்சத்தையும் சொல்லுங்க."

"நடுவில் எங்கும் தொய்வில்லை. பெரியவர்களுக்கும் பிடிக்கும்."

"தொய்வில்லைங்கறது வாஸ்தவம்தான். ஒரே ஏத்தம்!"

அதோடு விட்டாளா? ஒவ்வொரு வளைவிலும், "எங்க, முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். வாத்தியார் முன்னால் நிற்கிற பையனைப் போல அவரும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். குத்திக்காட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று மனதுக்குள் நொந்துகொண்டார். கடைசி மேட்டில் அவள்தான் முதுகில் கைவைத்து அவரைத் தள்ளி ஏற்றினாள்.

சின்ன ஏரிதான். பனி உருகி நிறைந்த தண்ணீரில் ஒரு சிகரம் தலைகீழாக நின்றது. அதை ரசிக்கத் தெம்பில்லாமல் கரையில் பொத்தென்று விழுந்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

"சரிம்மா, தோத்துட்டேன். இனிமே உன் தங்கச்சி வீடுதான். எல்லாக் குழாயையும் பாத்துக்கறேன். எவனோ எழுதினதை நம்பி உன்னையும் இழுத்துட்டு வந்தேன் பாரு... அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

"தங்கச்சி வீடு வேணாம். அடுத்த லீவுக்கும் நீங்களே இடம் பாருங்க."

"இதுவும் நக்கலா?"

"நிஜமாத்தான்." அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அது வழி சொல்ற கட்டுரை இல்லீங்க. புத்தக விமர்சனம். எளிய நடைன்னு சொன்னது அந்த நாவலோட நடையை. நீங்க முதல் தடவை சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "புரிஞ்சுமா இவ்வளவு தூரம் ஏறி வந்தே?"

"பின்ன? நான் எழுதின விமர்சனத்தை நீங்க வாய்விட்டுச் சொல்லி, இன்னிக்குத்தானே கேக்கறேன்!"